வன்னியில் ஒரே அளவு தண்ணீர், ஒரே பசளை போட்டும் விளைச்சல் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? உப்பைக் கழுவ எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

மண்ணில் சேரும் உப்பும் அது வடியும் வழியும் இடத்துக்கு இடம் வேறு என்பதால்தான் விளைச்சலும் மாறுகிறது. எவ்வளவு விடுவது என்பது இரண்டாவது கேள்வி. விட்ட தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கி எந்த வழியால் வெளியேறும் என்று முதலில் பாருங்கள். வடிய வழியில்லாத தறைக்குக் கிணற்று நீர் பாய்ச்சினால் உப்பு கூடும், கழுவுப்படாது.

கிணற்று நீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீற்றருக்கு 1.5 டெசி சீமன் என்றால், லீற்றரில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு இருக்கும். சிறுபோகத்தில் 500 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு 2 தொன் அளவில் உப்பு வந்து சேரும். பயிர் எடுப்பது அதில் சொற்பம்.

பயிருக்குப் பயிர் தாங்கும் எல்லை வேறு. மண்ணைக் களியாகக் குழைத்து வடித்த சாற்றில் மின்கடத்துதிறனை அளந்தால் வெங்காயம் 1.2 டெசி சீமனிலேயே குறையத் தொடங்கும், மிளகாய் 1.5, நெல் 3, கௌபி 4.9. எல்லைக்கு மேலே ஒவ்வொரு அலகுக்கும் வெங்காயத்தில் 16 வீதம், மிளகாயில் 14 வீதம், நெல்லில் 12 வீதம் விளைச்சல் போகும்.

கழுவும் பங்கை, அதாவது விடும் நீரில் உப்பைக் கழுவ வேருக்குக் கீழே இறங்க வேண்டிய பங்கைக் கணக்கிட, பயிரின் எல்லையை 5 ஆல் பெருக்கி நீரின் மின்கடத்துதிறனைக் கழியுங்கள். வரும் விடையால் நீரின் மின்கடத்துதிறனைப் பிரியுங்கள். 1.5 நீரில் மிளகாய்க்கு 1.5 ÷ (7.5 − 1.5) = 0.25. நாளொன்றுக்குப் பயிருக்கு 6 மி.மீ. வேண்டுமென்றால் 6 ÷ (1 − 0.25) = 8 மி.மீ. விட வேண்டும். வாய்க்காலால் பாய்ச்சும் தோட்டத்தில் இந்தக் கால்வாசி பெரும்பாலும் தானாகவே கசிந்துவிடும், இன்னும் கூட்டுவது வீண். சொட்டுநீரில்தான் கவனம் வேண்டும். ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு சேர்ந்து நிற்கும். முதல் சிறு மழை அதை வேருக்குள் தள்ளிவிடும். அந்த மழைக்குக் குழாயைப் பூட்டாமல் ஓடவிடுங்கள்.

முழங்காவில் பக்கச் செம்மண்ணில் உப்பு இலகுவாகக் கழுவுப்படும். 30 ச.மீ. ஆழ மண்ணுக்கு 30 ச.மீ. தண்ணீர் கட்டினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் அதே தண்ணீரோடு பயிருக்கு வேண்டிய நைதரசன் சத்தான நைத்திரேற்றும் போய்விடும். ஆகவே கழுவும் பாய்ச்சலை யூரியாவுக்கு முன்பு முடித்துவிட்டு, யூரியாவைச் சிறு சிறு தடவைகளாக இடுங்கள். போட்ட மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் காசும் மண்ணுக்குக் கீழேதான்.

முருங்கன் கறுப்புக் களி நேர்மாறு. காய்ந்து வெடித்திருக்கும்போது விடும் நீர் வெடிப்பால் இறங்கிவிடும், கட்டிக்குள் இருக்கும் உப்பு அசையாது. பிறகு களி ஊதி மூடிக்கொள்ளும். முதலில் உழுது வெடிப்பை உடையுங்கள். அதே 30 ச.மீ. நீரை ஒரே தடவையில் கட்டினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட மிஞ்சும். இடையிடையே வடியவிட்டு மூன்று நான்கு தடவையாகக் கட்டினால் செம்மண்ணின் அளவுக்கே இறங்கும்.

பூநகரிக் கரையோரத்தில் நிலத்தடி நீரே உவர். அது ஒரு மீற்றருக்குள் நின்றால் வெயில் காலத்தில் கழுவ முயலாதீர்கள், இறங்கிய உப்பு திரும்ப ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வரம்பைக் கட்டி, தறையை மேலோட்டமாக உழுது, தேங்கும் மழைநீரைக் கழிவு வாய்க்காலால் வெளியேற்றுங்கள். அதை வயலிலேயே வற்றவிட்டால் பலனில்லை. உப்பு இறங்கும் முன் சேறடித்தால் அடி இறுகி வழி அடைபடும். நெல்லில் ஏ.ரி. 354 என்ற இனம் உவரை ஓரளவு தாங்கும். ஆனாலும் நாற்றும் பூக்கும் பருவமும் பலவீனமானவை.

மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்ததும் ஜிப்சம் வாங்க ஓடுவது தேவையற்ற செலவு. மழைநீர் நிறைந்த போத்தலில் காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக இட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் கூடிய மண்; அதற்குத்தான் ஜிப்சம், அளவு மண் பரிசோதனைப்படி. கலங்காவிட்டால் வடிகாலும் நல்ல தண்ணீரும் போதும், ஆனால் கடும் உவர் மண் சோடியத்தை மறைத்துக் கலங்காமல் இருக்கும். கழுவிய பிறகு இன்னொரு முறை போத்தலில் பாருங்கள்.

மண் மாதிரியை 0–15, 15–30, 30–60 ச.மீ. என்று பிரித்து எடுங்கள். மேற்படையில் மின்கடத்துதிறன் கூடுதலாக இருந்தால் உப்பு ஏறுகிறது, கீழ்ப்படையில் கூடுதலாக இருந்தால் இறங்குகிறது.