நாய் ஓயாமல் சிணுங்குகிறதா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டரை வயது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தாலும், நான் கைபேசியில் பேசினாலும், இரவு விளக்கை அணைத்தாலும் சிணுங்கத் தொடங்கிவிடுகிறான். குட்டியிலிருந்தே இருந்த பழக்கம்தான், இப்போது அதிகமாகிவிட்டது. அதட்டினால் ஒரு நிமிடம் அடங்குகிறான், அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் அக்கம்பக்கத்தார் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வாயைக் கட்டிப் போடச் சொல்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்யலாம், டாக்டர்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வாயைக் கட்டும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் நாய் தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்கு வழியில்லாமல் செய்தால் வெயில் காலத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நேற்று வரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று முனகத் தொடங்கினால், காதுப் புண், சிறுநீர்த் தொற்று, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் என்று உடல் உபாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் நாயின் பழக்கம் பழையது என்றாலும், லாப்ரடாரின் தொங்கும் காதுகளில் தொற்று எளிதில் வரும் என்பதால், காது மடலைத் தூக்கி ஒருமுறை முகர்ந்து பாருங்கள். கெட்ட வாடை அடித்தாலோ, அவன் அடிக்கடி தலையை உதறினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலியாக இருக்குமோ என்று எண்ணி, வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

சாப்பாடு, கைபேசி, விளக்கு அணைப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளைகளிலும் உங்கள் கவனம் அவனை விட்டு விலகுகிறது. சிணுங்கினால் அது திரும்பக் கிடைக்கிறது. அதட்டலும் அவனைப் பொறுத்தவரை கவனிப்புதான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் யாரோ தோசை விள்ளலை நீட்டுகிறார்கள் என்பதும் என் ஊகம் (பெரும்பாலான வீடுகளில் அது தாத்தா, பாட்டியின் கைதான்). தினமும் கொடுத்துப் பழக்குவதைவிட, பத்து நாளில் ஒரு நாள் மனமிரங்கிக் கொடுப்பது இந்தப் பழக்கத்தை இன்னும் வலுவாக வேரூன்றச் செய்யும்; இன்று கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் அவன் சளைக்காமல் முயல்வான்.

ஆகவே, சிணுங்கும்போது வீட்டில் யாரும் அவனைப் பார்க்கவோ, பேசவோ, தொடவோ கூடாது. இரண்டு மூன்று நொடி வாய் மூடி இருந்தாலும், அந்தக் கணமே மெல்லிய குரலில் பாராட்டி ஒரு சிறு தீனி கொடுங்கள். அந்த இடைவெளியைப் பத்து நொடி, அரை நிமிடம் என்று படிப்படியாக நீட்டுங்கள். தொடக்கத்தில் சில நாள்கள் சிணுங்கல் குறைவதற்குப் பதிலாக இன்னும் கூடும். பலரும் தோற்பது அங்கேதான்: பொறுக்க முடியாமல் அப்போது இணங்கிவிட்டால், இவ்வளவு நேரம் கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

நீங்கள் சாப்பிட உட்காரும் முன்பே, அவனுக்கென்று விரித்த பாயில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துப் படுக்கப் பழக்குங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது, அவன் விருப்பம்போல் முகர்ந்து பார்த்து நடக்க விடுங்கள். நாள் முழுவதும் வீட்டில் அடைந்து கிடக்கும் லாப்ரடாரிடம் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் முனகினால் ஒருமுறை வாரைக் கட்டிக் கீழே கூட்டிச் சென்று, கொஞ்சலோ விளையாட்டோ இல்லாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் பருவத்துக்கு வந்தது; இணை சேரவில்லை. இப்போது என் மகளின் துணிப் பொம்மையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் முனகியபடியே இருக்கிறது. பொம்மையைப் பிடுங்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பிடுங்க வேண்டாம், கடிக்கக்கூடும். நீங்கள் சொல்வது பொய்ச்சினையின் அறிகுறி. பருவத்துக்குப் பின் சினை பிடிக்காத நாய்க்கும் உடலில் அதே ஹார்மோன் மாற்றங்கள் நிகழ்வதால், குட்டி ஈன்றதுபோலவே நடந்துகொள்ளும். சிலவற்றுக்குப் பால்கூடச் சுரக்கும். காம்புகளைப் பிதுக்காதீர்கள், சுரப்பு அதிகமாகும். அது நடைக்குப் போயிருக்கும் வேளையில் பொம்மையை எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அதன் பிறகு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். ஆனால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பிறப்புறுப்பிலிருந்து சீழ் வடிந்தாலோ அது கருப்பையில் சீழ் கோத்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது நாய், இரவு முழுவதும் மூலையில் நின்று முனகுகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: விட வேண்டாம். மூட்டுவலி, பார்வைக் குறைவு, முதுமையில் மூளை தளர்வதால் வரும் தடுமாற்றம் ஆகிய மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மூன்றுக்குமே துன்பத்தைக் குறைக்க வழிகள் உண்டு. அதுவரை இரவில் ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள்.