பொண்ணோட ரிசர்ச் ப்ரோக்ராமுக்கு 2,80,000 கட்டலாமா?

கேள்வி: திருப்பூர்ல இருந்து எழுதுறேன் சார். நானும் வீட்டுக்காரரும் சேந்து மாசம் 62,000 சம்பாதிக்கிறோம். பொண்ணு பிளஸ் ஒன், ஐசர்ல, அதான் மத்திய அரசோட அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துல, சேரணும்னு ஆசை. ஒரு வெளிநாட்டு கம்பெனி பிஎச்டி பண்றவங்கள மென்டரா போட்டு ஆன்லைன்லயே 12 வாரத்துல ரிசர்ச் பேப்பர் எழுத வைக்கிறாங்களாம், பீஸ் 2,80,000. 15ம் தேதிக்குள்ள கட்டினா 20,000 குறையும். பாதிக்கு நகைய வச்சிட்டு மீதிய அவளோட செல்வமகள் கணக்குல எடுக்கலாமா?

பதில்: நீங்க அனுப்புன பிரோஷரை ரெண்டு தடவ படிச்சேன் மேடம். முன்பக்கத்துல 12 வாரம்னு கொட்டை எழுத்து, கடைசி பக்கத்துல பொடி எழுத்துல வாரத்துக்கு ஒரு மீட்டிங், 50 நிமிஷம். ஆக மொத்தம் 10 மணி நேரம். டிஸ்கவுண்ட் போகவே மணிக்கு 26,000 வருது, மத்த நேரமெல்லாம் பொண்ணு தனியாத்தான் உக்காந்து படிக்கணும், அதுக்கு எதுக்கு காசு?

பேப்பர் கண்டிப்பா பப்ளிஷ் ஆகும்னு வேற போட்டிருக்காங்க. இதான் எனக்கு உறுத்துது. உருப்படியான எந்த ஜர்னலும் பேப்பர படிச்சு பாக்காம ஓகே சொல்லாது, அப்ப முன்கூட்டியே கியாரண்டி குடுக்குறாங்கன்னா அது எந்த மாதிரி ஜர்னல்னு நீங்களே யோசிங்க.

அதுவுமில்லாம ஐசர்ல சீட் அவங்களே நடத்துற ஐஏடி நுழைவுத் தேர்வு ரேங்க்லதான், பேப்பர் போட்டிருக்கியான்னு யாரும் கேக்கப்போறதில்ல. அமெரிக்காவுக்கு அப்ளை பண்றவங்களுக்கு இது கொஞ்சம் உதவலாம், ஆனா அதுக்கு நாலு வருஷ செலவுக்கு கணக்கு போடணும், அது வேற கதை. இன்னொண்ணு, அமெரிக்காவுலயே 1984ல ஆரம்பிச்சு இப்ப எம்ஐடியில நடக்குற ஆர்எஸ்ஐங்கிற கோடை ப்ரோக்ராம்ல ஸ்கூல் பசங்க ஆறு வாரம் ஆராய்ச்சி பண்றாங்க, இடம் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு, கிடைச்சிட்டா படிப்பு, தங்குறது, சாப்பாடு எல்லாம் ப்ரீ, போக வர்ற செலவு மட்டும் நம்மளது.

இப்ப பணத்துக்கு வருவோம். செல்வமகள்ல பத்தாவது முடிச்சா படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம், அது சரிதான், ஆனா கல்வி நிறுவனத்துல சேந்ததுக்கு அட்மிஷன் லெட்டரோ பீஸ் ரசீதோ போஸ்ட் ஆபீஸ்ல கேப்பாங்க, ஆன்லைன் கம்பெனி பில்ல நீட்டினா திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அப்படியே குடுத்தாலும், 8.2 சதவீதத்துல 1,40,000 சும்மா கிடந்தாலே அஞ்சு வருஷத்துல 2,07,000 தாண்டிடும், வரியும் கிடையாது. நகைக்கடன் 1,40,000க்கு 10 சதவீதம்னு வச்சாலும் வருஷத்துக்கு 14,000 வட்டி. டாலர்ல கார்டு தேய்ச்சா சில கார்டுல 3.5 சதவீதம் மார்க்கப்னு கூடுதல் கட்டணம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுவே கிட்டத்தட்ட 11,500 வந்துடும். இதெல்லாம் பிரோஷர்ல இருக்காது.

பொண்ணுக்கு ஆராய்ச்சி மேல ஆசைன்னா அத விடவே வேண்டாம். திருப்பூர்லயே இருக்கீங்க, சாயத்தண்ணி பிரச்னைக்கு பக்கத்துலயே உக்காந்திருக்கா அவ! தண்ணியில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூவாய்க்கு கிடைக்கும், உங்க ஏரியாவுல 20 வீட்டு போர் தண்ணிய மூணு மாசம் வாராவாரம் அளந்து ஒரு நோட்டுல எழுத சொல்லுங்க, மழைக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ, நொய்யல்கிட்ட இருக்குற தெரு எப்படி, தள்ளி இருக்குற தெரு எப்படின்னு. அந்த நோட்டோட பக்கத்து காலேஜ் கெமிஸ்ட்ரி புரொபசர போய் பாருங்க. வெறுங்கையோட போனா அப்புறம் பாக்கலாம்மாம்பாங்க, டேட்டாவோட போனா உக்கார வச்சு பேசுவாங்க, எனக்கு தெரிஞ்ச ரெண்டு மூணு பசங்களுக்கு அப்படித்தான் வழிகாட்டி கிடைச்சாங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துற குழந்தைகள் அறிவியல் மாநாடும் இதே மாதிரி உள்ளூர் ஆய்வுதான், வழிகாட்டி ஆசிரியரோட செய்யணும், 17 வயசு வரைக்கும் கலந்துக்கலாம்.

பிளஸ் டூல போர்டுல முதல் 1 சதவீதத்துக்குள்ள வந்து அடிப்படை அறிவியல் எடுத்தான்னா மத்திய அரசோட இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 80,000, அதுல 20,000 கோடை லீவுல ஆராய்ச்சி ப்ராஜெக்ட் பண்றதுக்குன்னே. ரெண்டு வருஷம் பொறுத்தா அவங்களே நமக்கு காசு குடுத்து மென்டர்கிட்ட அனுப்புறாங்க.

நகை பீரோல இருக்கட்டும். 15ம் தேதி வரைக்கும் அந்த கம்பெனில இருந்து போன் மேல போன் வரும், எடுத்தீங்கன்னா மென்டர் பேர் என்ன, பாதில விட்டா எவ்ளோ திருப்பி தருவீங்கன்னு ரெண்டே ரெண்டு கேளுங்க, பதில மெயில்ல அனுப்ப சொல்லுங்க.