சந்தா போக்கரா, வழமையான தளமா?

இணையத்தில் போக்கர் சீட்டாடும் நீங்கள், காசு கட்டி ஆடும் வழமையான தளத்தை விட்டு, மாதக் கட்டணம் மட்டும் கட்டிப் பரிசுக்கு ஆடும் சந்தாத் தளத்துக்கு மாறலாமா என்று கேட்டீர்கள். கிழமைக்கு ஒரு இரவு மட்டும் ஆடும் உங்களுக்குச் சந்தாத் தளமே மேல். மாதம் எவ்வளவு போகும் என்பது முதலே தெரியும்.

"பெரிதாகத் தோற்கவில்லை, ஆனாலும் காசு கரைகிறது" என்றீர்கள். பெரும்பாலும் ரேக்தான், அதாவது பந்தயக் காசில் தளம் தனக்கென வெட்டும் பங்குதான், காரணம். மேசையில் ஆயிரம் ரூபாய் சேர்ந்தால், 5 வீதம் வெட்டும் தளம் 50 ரூபாயை எடுத்துவிடும். யார் வென்றாலும் அது போனதுதான்.

மூன்று மாத வங்கிக் கூற்றை எடுங்கள். தளத்தில் போட்டதில், அங்கிருந்து திரும்ப எடுத்ததைக் கழியுங்கள். வெள்ளவத்தை வீட்டில் பென்சிலால் கூட்டிப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சு திக்கென்றது. மீதி மூன்று மாதச் சந்தாவைவிடக் கூட என்றால் மாறுங்கள்.

ஆனால் இலங்கையில் இருப்பவருக்குப் பரிசு தருவார்களா என்று விதிமுறையில் முதலில் பாருங்கள். சந்தா டொலரில் என்றால் ரூபாய்க் கணக்கு மாதாமாதம் மாறும். தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்திவையுங்கள்.