தராசைத் திருத்த விடாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன் நிலாவெளிக்கு வெளியே தடியும் ரீலும் கொண்டு ஒரு பெரிய அறக்குளா பிடித்தேன். கரைக்கு வந்து வாடியில் தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்தபோது முள் 45.2 கிலோவுக்கும் 45.4 கிலோவுக்கும் நடுவே நின்றது. எல்லோரும் 45.3 என்றார்கள். மீனை அன்றே விற்றுவிட்டோம், படங்கள் இருக்கின்றன. இது உலக சாதனை என்கிறார்கள் சிலர். மச்சான்தான் மீனை இழுத்தான், நான் பொய் சொல்கிறேன் என்று முகநூலில் எழுதுகிறார்கள் வேறு சிலர். தராசின் முத்திரை போன வருடத்தோடு முடிந்துவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது. கொழும்பில் ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் சாதனைச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. அவர் யார், நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. தூண்டில் மீன்பிடியின் உலக சாதனைகளைப் பதிவுசெய்வது 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன் சங்கம். ஐ.ஜி.எஃப்.ஏ என்று சொல்வார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கிறது. விண்ணப்பத்தை மீனைப் பிடித்தவரே தன் கைப்பட நிரப்ப வேண்டும் என்பது அவர்களுடைய விதி. தபாலில் சேர்ப்பதையும் அவரே செய்வது நல்லது என்றும் சொல்கிறார்கள். கட்டணத்தையும் அவர்களுக்கே நேரடியாகக் கட்டலாம். இதில் இடையில் நிற்பவருக்கு ஒரு வேலையும் இல்லை. சான்றிதழ் 'எடுத்துத் தருகிறேன்' என்பவர்கள் கடைசியில் தருவது பெரும்பாலும் ஓர் அழகான அச்சுத்தாள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், சாதனைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. இப்படி ஏமாந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். காசு போனதைவிட, உண்மையான விண்ணப்பத்துக்கான காலம் போனதுதான் அவர்களுக்குப் பெரிய நட்டம்.

இனி உங்கள் மீனுக்கு வருகிறேன். அறக்குளாவுக்கு எல்லா வகைத் தூண்டில்களுக்கும் பொதுவான உலக சாதனை 44.91 கிலோ. 1982 மார்ச்சில் தென்னாபிரிக்காவின் நேட்டால் கரையில், ஸ்கொட்பேர்க்கில் பிடிபட்டது. உங்கள் முள் அதைத் தாண்டியிருக்கிறது. ஆனால் தாண்டினால் மட்டும் போதாது. இந்தப் பாரத்தில் உள்ள மீன் பழைய சாதனையை முறியடிக்க வேண்டுமென்றால் அதைவிட நூற்றுக்கு அரை வீதமாவது கூடுதலாக நிறுக்க வேண்டும். 44.91இல் அரை வீதம் 225 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உங்களுக்கு வேண்டியது 45 கிலோ 135 கிராம்.

அடுத்த விதி எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காதது. முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் கண்ணால் பாதி போட முடியாது, கீழ்க்கோடுதான் கணக்கு. எத்தனை பேர் கூடிநின்று 45.3 என்று சொன்னாலும் உங்கள் மீன் 45.2. தேவையானதற்கும் அதற்கும் இடையில் இருப்பது 65 கிராம், ஒரு எலுமிச்சம்பழத்தின் பாரம்.

இந்த 65 கிராமும் அந்தத் தராசை நம்பித்தான் நிற்கிறது. முகநூலில் யார் என்ன எழுதினாலும் உங்கள் சாதனை அங்கே தீர்மானமாகப் போவதில்லை. வாடிக் கூரையில் தொங்கும் அந்தத் தராசில்தான் தீர்மானமாகும்.

மீனை நிறுக்கும் தராசு கடந்த 12 மாதங்களுக்குள் பரிசோதிக்கப்பட்டுச் சான்று பெற்றிருக்க வேண்டும். முத்திரை முடிந்த தராசு என்றதும் பலர் கையை விரித்துவிடுவார்கள். 'போச்சு தம்பி, மறந்துவிடு' என்பார்கள். அது பிழை. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்லாததால் நான் ஊன்றிச் சொல்கிறேன், இரண்டு தரம் வாசியுங்கள். சான்று இல்லாத தராசில் நிறுத்திருந்தால், அந்தத் தராசை இயன்றளவு விரைவாகப் பரிசோதிக்க வேண்டும். எந்தத் திருத்தமும் செய்வதற்கு முன் அது எப்படிக் காட்டியது என்பதை எழுதிய உத்தியோகபூர்வ அறிக்கையை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும்.

'திருத்தத்துக்கு முன்' என்பதுதான் இதில் உயிர். நம் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதிகாரி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் வாடி முதலாளி தராசு திருத்துகிறவரைக் கூப்பிடுவார். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் மீன் செதிலைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். தராசு புதிது மாதிரி ஆகிவிடும், உங்கள் மீன் செத்துவிடும். ஏனென்றால் அன்று அது எவ்வளவு கூடக் காட்டியது, எவ்வளவு குறையக் காட்டியது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. பல வருடங்களுக்கு முன் கிண்ணியாப் பக்கத்து நண்பர் ஒருவர் பிடித்த பாரை இப்படித்தான் போனது. உதவி செய்வதாக நினைத்து ஒருவர் ஒரேயொரு திருகாணியைத் திருப்பினார். அந்தத் திருகாணியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே தராசு இன்று எந்த நிலையில் தொங்குகிறதோ அந்த நிலையிலேயே அதைப் படம் எடுங்கள். வெறுமையாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது, பழைய முத்திரையில் எந்த வருடம் இருக்கிறது, தராசின் இலக்கம் என்ன என்பவை தெளிவாக விழ வேண்டும். பிறகு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் மாவட்ட அதிகாரியிடம் போங்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகளைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. முத்திரை மட்டும் கேட்காதீர்கள். மீனின் பாரத்தை ஒட்டி, 45 கிலோ அளவில் தராசு என்ன காட்டியது என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலாளி தயங்குவார். முத்திரை முடிந்த தராசில் வியாபாரம் செய்வது குற்றம் என்று அவருக்கும் தெரியும். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். எப்படியும் அவர் இந்த வருடத்துக்கு முத்திரை குத்தவே வேண்டும், அதைத் தானாக முன்வந்து செய்வது அவருக்கும் நல்லது என்று மரியாதையோடு பேசுங்கள். பாரம் தெரிந்த பொருட்களை நீங்களே தொங்கவிட்டுப் பார்க்கும் வழி ஒன்றும் விதியில் உண்டு. ஆனால் அது அரச பரிசோதகரோ அங்கீகாரம் பெற்ற தராசு நிறுவனத்தாரோ கிடைக்காத ஊர்களுக்கு. திருகோணமலை நகரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

ஒரு தாளுக்காக நான்கு நாள் அலைய வைப்பார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 'அதிகாரி வெளிக்களத்தில்', 'படிவம் முடிந்துவிட்டது', 'திங்கள் வாருங்கள்'. ஓர் அலுவலகத்தில் மூன்று திங்கட்கிழமைகள் நான் இதைக் கேட்டிருக்கிறேன். கடலில் ஒரு மணிநேரம் மீனோடு போராடியவனை ஒரு மேசைக்கு முன்னால் மூன்று வாரம் நிற்க வைப்பது எந்த நியாயம்? அங்கே புளோரிடாவில் இருப்பவர்களும் துறைமுகத்துக்குத் துறைமுகம் சான்று பெற்ற தராசு தொங்கும் நாட்டை மனதில் வைத்துத்தான் விதி எழுதியிருக்கிறார்கள். இருந்தும் அலையத்தான் வேண்டும். பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வாரம் போய்விட்டது. பிந்தினால் கிடைக்கும் சலுகைகளைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

மச்சான் விடயத்துக்கு வருகிறேன். தடியையோ ரீலையோ தங்கூசியையோ (தூண்டில் நூலையோ) மீன் இழுபடும் நேரத்தில் வேறொருவர் தொட்டிருந்தால் சாதனை இல்லை. மீன் படகுக்குக் கிட்ட வந்தபிறகு, தூண்டிலுக்கு முன்னால் கட்டியிருக்கும் கம்பியை மச்சான் பிடித்து இழுத்துக் கொடுத்திருந்தால் அதில் தவறில்லை. கொக்கித் தடியால் கொளுவி ஏற்றுவதற்கும் அடுத்தவர் உதவலாம். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் மச்சானுக்கும் படகோட்டிக்கும் தெரியும். கம்பியைத்தான் பிடித்தார் என்றால் தலை நிமிர்ந்து எழுதுங்கள். பத்து நிமிடம் தடியை வாங்கிப் பிடித்தார் என்றால் விண்ணப்பிக்க வேண்டாம், தம்பி. நல்ல மீன் பிடித்தீர்கள் என்ற பெருமை போதும்.

பழி சொல்வதால் மட்டும் சாதனை அழியாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் டேல் ஹொலோ ஏரியில் 1955இல் டேவிட் ஹேய்ஸ் என்பவர் சிறுவாய் பாஸ் மீன் ஒன்று பிடித்தார். சாதனையாகப் பதிவானது. மீனுக்குள் உலோகம் போட்டு நிறுத்ததாக ஒருவர் கொடுத்திருந்த சத்தியக்கடதாசியை வைத்து 1996இல் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆதாரங்களை மறுபடி ஆராய்ந்து 2005இல் திருப்பிக் கொடுத்தார்கள். மனிதர் ஒன்பது வருடம் பழியோடு இருந்தார். ஆகவே முகநூலில் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். மச்சானும் படகோட்டியும் தராசைப் பார்த்து வாசித்தவரும் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திடட்டும், நீங்கள் நொத்தாரிசின் முன் கையெழுத்திடுங்கள்.

நிலாவெளிக்கு வெளியே என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். புறாத் தீவுப் பக்கமா? அது 2003 முதல் தேசிய பூங்கா. சரணாலயங்களில் பிடித்த மீனையும், நாட்டின் சட்டத்துக்கு மாறாகப் பிடித்த மீனையும் சங்கம் ஏற்காது. பூங்கா எல்லைக்குள் என்றால் சாதனைக்கு முன்னால் வழக்கு வரும். வெளியே என்றால் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீனை விற்றது பரவாயில்லை. குடல் எடுக்காமல், கரையில் வைத்து நிறுத்தீர்கள் அல்லவா? அது போதும். படங்களில் முழு மீனும், நீங்களும், தடியும் ரீலும், தராசும் தெரிய வேண்டும். வட்ஸ்அப்பில் சுற்றிவந்த மங்கிய படம் வேண்டாம், எடுத்த கைபேசியிலிருந்தே எடுங்கள். அன்றைய தங்கூசியை இதற்குள் மாற்றியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தூண்டில் முனையிலிருந்து கம்பியும், அதற்கு மேலே 15 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தங்கூசியும் ஒரே துண்டாக அனுப்ப வேண்டும். அதை அவர்கள் பரிசோதிப்பார்கள். முடிச்சு அசிங்கமாக இருக்கிறது என்று அவிழ்த்துக் கட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மீனை எதில் கட்டித் தொங்கவிட்டீர்கள்? வாலில் கயிறு போட்டிருப்பீர்கள். அந்தக் கயிற்றின் பாரத்தைக் கழிக்க வேண்டும். கடல்நீர் ஊறிய கயிறு ஒரு பாகம், அதாவது ஆறடி, இருந்தாலே 65 கிராமைத் தாண்டிவிடலாம். தாண்டினால் 1982இன் மீனை நீங்கள் முறியடிக்கவில்லை. ஆனாலும் 44.91க்குக் கீழே இறங்காதவரை அது சமன். சமன் என்றால் வெறுங்கை இல்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த பெருவாய் பாஸ், 1932இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி பிடித்ததைவிடச் சற்றுக் கூடவே நிறுத்தது. தேவையான அளவு கூடாததால் சமன் என்றார்கள். இரண்டு பெயர்களும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

நாளைக் காலை தராசைப் படம் எடுக்க வாடிக்குப் போகும்போது அந்தக் கயிற்றையும் கேட்டு வாங்குங்கள். அன்று ஈரமாக இருந்ததென்றால் கடல்நீரில் நனைத்தே நிறுக்க வேண்டும். பரிசோதகர் வரும்வரை வேறு எதற்கும் அதைக் கொடுக்காமல் உங்களிடமே வைத்திருங்கள்.