டங்கன் வாங்கிய திட்டு

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிம் டங்கனைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். சத்தமில்லாத மனிதர், அலட்டல் இல்லாதவர், அதனால்தான் கூட ஆடியவர்கள் எல்லாரும் அவரை அவ்வளவு மதித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

டங்கன் ஐந்து சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். ஜெயித்தவர் அமைதியாக இருந்தால் அடக்கம் என்கிறோம். மைக்கேல் ஜோர்டன் ஆறு ஜெயித்தவர். அவர் கூட ஆடுபவர்களை வாய்க்கு வந்தபடி பேசினார், ஒருவரை அடித்தே விட்டார். அதை வெற்றி வெறி என்கிறோம். இரண்டு பேருக்கும் மரியாதை கிடைத்தது. அப்படியென்றால் குணத்துக்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம்? மரியாதை திறமைக்குத்தானே? குணம் என்பது ஜெயித்த பிறகு நாம் எழுதிச் சேர்க்கும் கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. நான் கல்லூரி அணியில் மூன்றாவது வருடமாக ஆடுகிறேன். அணியில் அதிகப் புள்ளி எடுப்பது நான்தான். யாரையும் திட்டுவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. கோச்சும் என்னை எதுவும் சொல்ல மாட்டார். பயிற்சி முடிவில் மற்றவர்களைக் கோட்டுக்குக் கோடு ஓட விடும்போதுகூட, மேட்சுக்குக் கால் வேண்டும் என்று என்னை உட்காரச் சொல்லிவிடுவார். போன மாதம் கேப்டனைத் தேர்ந்தெடுக்க அணிக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. எனக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. அதில் ஒன்று நானே போட்டது. டங்கனைப் போல அமைதியாக இருந்தும் எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எதிர்ப்பில் பாதி சரி. அமைதியாக இருந்ததால் மதித்தார்கள் என்று நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. அமைதியான ஆட்டக்காரர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள், அவர்களில் பலரை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. ஜெயித்தவனின் குறையைக்கூட நாம் குணமாக்கிவிடுகிறோம் என்பதும் உண்மை. ஆனால் குணம் பின்னால் சேர்க்கும் கதை என்று சொல்வது பார்வையாளனின் இடத்திலிருந்து பேசுவது. கூட ஆடுகிறவனுக்குக் கதை தேவையில்லை. அவன் தினமும் பக்கத்திலேயே இருக்கிறான்.

ஓட்டு என்று சொன்னதால் ஓர் ஓட்டெடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் மிகச்சிறந்த வீரர் விருதுக்கு 1980 வரை ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள்தான். அதற்குப் பிறகுதான் அது செய்தியாளர்கள் கைக்குப் போனது. 1961-62 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். வில்ட் சேம்பர்லின் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். 100 புள்ளி எடுத்த அந்த ஆட்டமும் அதே சீசனில்தான், 1962 மார்ச் 2-ம் தேதி. ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) மூன்றிலும் சராசரி இரட்டை இலக்கம். பில் ரஸ்ஸல் எடுத்ததோ ஆட்டத்துக்கு 19 புள்ளிகூட இல்லை. செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் முதல் ஐவரில் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடுபவர்) இடம் சேம்பர்லினுக்குப் போனது, ரஸ்ஸல் இரண்டாம் ஐவரில்தான் வந்தார். ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டபோது விருது ரஸ்ஸலுக்கு.

ரஸ்ஸலின் பாஸ்டன் செல்டிக்ஸ் ஜெயித்துக்கொண்டிருந்த அணிதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த அணியிடம் தோற்றவர்கள். ரஸ்ஸல் எதிராளியின் ஷாட்டைத் தடுக்கும்போது பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து விரட்ட மாட்டார். மெல்லத் தட்டித் தன் அணி ஆளின் கைக்கு அனுப்பிவிடுவார். பந்து மூன்றாவது வரிசையில் போய் விழுந்தால்தான் கூட்டம் எழுந்து கத்தும். கூட ஆடுகிறவனுக்குப் பந்து வேண்டும். இந்த ஒரு சின்ன விஷயத்தில் ரஸ்ஸல் என்ற மனிதர் முழுவதும் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதே சீசன் தொடங்குவதற்குச் சற்று முன், 1961 அக்டோபரில், கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஒரு கண்காட்சி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. தங்கியிருந்த விடுதியில் கறுப்பின வீரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் செல்டிக்ஸின் மற்ற கறுப்பின வீரர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். எதிரணியான செயின்ட் லூயிஸ் ஹாக்ஸின் கறுப்பின வீரர்களும் ஆடவில்லை. அந்த நாளில் அது வேலையைப் பணயம் வைக்கிற காரியம். பெயர் பெற்ற ரஸ்ஸலை அணி எளிதில் இழக்காது. பெஞ்சில் இருப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தப் பாதுகாப்பு இருந்தவர் முன்னால் நின்றதை லீக் முழுவதும் பார்த்தது. 2022-ல் அவர் இறந்தபின் அவருடைய 6-ம் எண் சட்டைக்கு எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்தார்கள். என்பிஏ-வில் வேறு யாருக்கும் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

சரி, ஜோர்டனுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அந்த அடியை வாங்கியவர் ஸ்டீவ் கெர். 1995-ல் ஜோர்டனின் புல்ஸ் அணியின் பயிற்சி முகாமில் நடந்தது. எனக்குக் கெர் முக்கியமானவர், ஏனென்றால் ஜோர்டனோடு மூன்று சாம்பியன்ஷிப், பிறகு சான் அன்டோனியோவில் டங்கனோடு இரண்டு, அப்புறம் அடுத்த தலைமுறை நட்சத்திரமான ஸ்டீஃபன் கரிக்குப் பயிற்சியாளராக நான்கு என்று மூன்று பேரையும் உள்ளே இருந்து பார்த்தவர் அவர். அவர் ஒருபோதும் நட்சத்திரம் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மூன்று புள்ளி ஷாட் போடுவதுதான் அவர் வேலை.

அன்றைக்குக் கெர் பணியவில்லை, திருப்பித் தள்ளினார். ஜோர்டன் அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். 1997 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், யூட்டா அணிக்கு எதிராகக் கடைசி நொடிகளில், தன்மேல் இரண்டு பேர் பாய்ந்தபோது ஜோர்டன் பந்தைக் கொடுத்தது கெரிடம்தான். கெர் போட்டார், சாம்பியன்ஷிப் முடிந்தது.

அடித்ததால் மரியாதை வந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. பேஸ்பால் ஆடப் போய்விட்டு 1995 மார்ச்சில் திரும்பி வந்த ஜோர்டன், அந்த ஆண்டு ஆர்லாண்டோவிடம் தோற்றார். அந்தக் கோடை முழுவதும், சினிமாப் படப்பிடிப்புக்கு நடுவே, தனக்கென்று ஒரு களம் போடச் சொல்லி மற்ற அணி வீரர்களை வரவழைத்து ஆடினார். மற்றவர்களிடம் கேட்டதை முதலில் தன்னிடம் கேட்டார். அதனால்தான் அவர் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனாலும் கெர் மாதிரி எதிர்த்து நிற்க எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் எத்தனை பேர் மனம் ஒடிந்தார்கள் என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை. அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது டங்கன். அணியின் முதல் ஆளுக்கு யாரும் கேட்காமலே சில சலுகைகள் வந்து சேரும். திட்டு விழாது. உடம்பு வலித்தால் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம். கடைசிப் பந்து தன் கைக்கே வரும். சம்பளத்தில் பேரம் பேச வேண்டியதில்லை. கூட ஆடுகிறவர்கள் இதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் அந்தச் சலுகைகளை அவன் என்ன செய்கிறான் என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

டங்கனின் அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் கோபக்காரர். அவர் டங்கனை எல்லார் முன்னாலும் திட்டுவார். இருபத்தோரு வயதில் வந்த புதியவனாக இருந்தபோதும் திட்டினார், ஆண்டின் சிறந்த வீரர் விருதை 2002-லும் 2003-லும் வாங்கிய பிறகும் திட்டினார். டங்கன் கேட்டுக்கொண்டார். பத்தொன்பது சீசன் அப்படியே போனது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாவது ஆளை நினைத்துப் பாருங்கள். அவரையே திட்டுகிறார், அவரே வாயைத் திறக்கவில்லை என்றால், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? 2001-ல் பத்தொன்பது வயதில் வந்த டோனி பார்க்கர் பாபோவிச்சிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவர். மனு ஜினோபிலி எந்த அணியிலும் முதல் ஐந்தில் ஆடக்கூடியவர், பல ஆண்டுகள் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடச் சம்மதித்தார். டங்கன் அந்தத் திட்டுக்கு ஒருமுறை எதிர்த்துப் பேசியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

டங்கனுக்கும் இது ஓர் இடத்திலிருந்து வந்தது. 1997-ல், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக அவர் அணிக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே டேவிட் ராபின்சன் இருந்தார், 1995-ன் சிறந்த வீரர், அந்த அணியின் முகம். வந்த பையன் தன் இடத்தைப் பிடிக்கப் போகிறான் என்று தெரிந்தும், அந்தக் கோடையில் கொலராடோவில் இருந்த தன் வீட்டுக்கே அவரைக் கூப்பிட்டுச் சேர்ந்து பயிற்சி செய்தார். அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பதைவிட, கூப்பிட்டார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஜெயித்தவர் கதை என்று சொன்னீர்களே, அதனால் டங்கன் தோற்ற கதையைச் சொல்கிறேன். 2013 ஜூன் 18, மயாமி, இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். இதை ஜெயித்தால் சாம்பியன். 28 நொடி மிச்சம் இருக்கும்போது ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னால். டங்கன் அன்று 30 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்தார், அவருக்கு அப்போது வயது 37. மூன்று புள்ளி ஷாட்டைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று கடைசித் தருணத்தில் பாபோவிச் அவரை வெளியே எடுத்தார். முன்னிலை மூன்று புள்ளியாகக் குறைந்திருந்தபோது மயாமி போட்ட ஷாட் தவறியது. டங்கன் நிற்க வேண்டிய இடத்தில் கிறிஸ் போஷ் ரீபவுண்டை எடுத்து மூலைக்கு அனுப்ப, ரே ஆலன் மூன்று புள்ளி போட்டார். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது.

என்னை ஏன் வெளியே எடுத்தாய் என்று கேட்க, உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான். இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடத்தில் கூடைக்குப் பக்கத்திலேயே, ஷேன் பேட்டியே என்ற தன்னைவிடக் குள்ளமான ஆளின் மேல் போட்ட எளிய ஷாட்டை டங்கன் தவறவிட்டார். போனது. திரும்பி ஓடியவர் இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அடித்தார். தோற்றபின் பேசும்போது, எல்லாரும் ஆறாவது ஆட்டத்தையே கேட்டுக்கொண்டிருக்க, தன்னை ஏழாவது ஆட்டம்தான் துரத்தும் என்றார். பயிற்சியாளர் முடிவெடுத்த ஆட்டத்தை விட்டுவிட்டு, தான் தவறவிட்ட ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதே அணி அதே மயாமியை நான்குக்கு ஒன்று என்று வென்றது. ஆனால் அவரை ஏன் மதித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 2013-ஐத்தான்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-12 சீசனில் அவர் சம்பளம் இரண்டு கோடி டாலருக்கு மேல். அடுத்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி வாங்கச் சம்மதித்தார், மற்றவர்களை அணியில் வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும் என்று.

கரியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கரியைப் பார்த்தால் டங்கன் நினைவு வருகிறது என்று கெர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருவர் சிரித்துக்கொண்டே ஆடுவார், இன்னொருவர் முகத்தில் எதுவும் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் பொருத்தமே இல்லை. ஆனால் 2016-ல், எல்லா ஓட்டும் பெற்றுச் சிறந்த வீரரான முதல் ஆள் என்ற பெருமையோடு இருந்தபோது, தன் அணிக்கு இன்னொரு பெரிய நட்சத்திரமான கெவின் டுராண்ட் வருவதை விரும்பி வரவேற்றவர் கரி. அடுத்த இரண்டு ஆண்டும் இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது டுராண்டுக்குப் போனது. கெர் எதைப் பார்த்து டங்கனை நினைத்தார் என்பது எனக்குப் புரிகிறது.

இனி உங்கள் விஷயம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். மற்றவர்கள் கோட்டுக்குக் கோடு ஓடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோச் உங்களை எதுவும் சொல்வதில்லை.

நானும் கல்லூரி அணியில் இருந்தேன், நான்கு வருடமும் பெரும்பாலும் பெஞ்சில். எங்கள் அணி எந்தக் கோப்பையும் வாங்கியதில்லை. எங்களில் சிறந்த ஆட்டக்காரர் கனத்த உடம்புக்காரர், அந்த ஓட்டத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஆனால் ஒரு கோட்டையாவது தொடாமல் அரை அடி முன்னாலேயே திரும்பினார் என்று ஒருநாள்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் கோச் பார்க்காதபோது திரும்பியிருக்கிறோம். அவர் குனிந்து விரலால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த விரல் மறக்கவில்லை.

உங்கள்மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை. உட்காரச் சொன்னது கோச். கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பவனுக்கு உட்கார்ந்திருப்பவனின் அமைதி அடக்கமாகத் தெரியாது. அடுத்த பயிற்சியில் கோச் உட்காரச் சொல்லும்போது, நானும் ஓடுகிறேன் சார் என்று எழுந்துவிடுங்கள். யாரிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் வாரம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் சந்தேகமாகக்கூடப் பார்ப்பார்கள், ஓட்டுத் தோற்றதால் நடிக்கிறான் என்று. ஓடிக்கொண்டே இருங்கள். அப்புறம் கோச்சைத் தனியாகப் பார்த்து, என் டிஃபென்ஸில் தப்பு இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இது ஓட்டத்தைவிடக் கஷ்டம். முதல் முறை காது சூடாகும்.

இன்னொன்று. உங்களுக்கு இரண்டு ஓட்டு விழுந்தது, ஒன்று உங்களுடையது என்கிறீர்கள். மற்றது யாருடையது? நீங்கள் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் ஓடிய ஒருவர், அதற்குப் பிறகும் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் யார் என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.