கண்ணுல வளர்ற சதை: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,
வலது கண்ணுல மூக்குப் பக்கமிருந்து சதை வளருது, டெரிஜியம்னு டாக்டர் சொன்னார். அதுக்குள்ள நோய் எதிர்ப்பு செல்கள் நிறைய இருக்கும்னு படிச்சேன். உடம்பு அதோட சண்டை போடுதுன்னுதானே அர்த்தம்? எதிர்ப்பு சக்திய ஏத்திக்கிட்டா சதை கரையுமா? கண் சிவக்கும்போதெல்லாம் பழைய சீட்டுல இருந்த ஸ்டீராய்டு சொட்டு விட்டுக்கறேன். ஆபரேஷன் பண்ணா திரும்ப வளருமா?
கே.

அன்புள்ள கே,

கரையாது. சக்தி ஏத்தற பவுடர், டானிக் பத்தியெல்லாம் பேச எனக்குப் பொறுமை இல்ல, விடு. "சண்டை போடுது"ன்னு எழுதினியே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாவே மனசுல ஓடிட்டிருக்கற எரிச்சல் அது. வெள்ளையணுன்னா சிப்பாய், கிருமின்னா எதிரின்னு ஸ்கூல்ல படம் போட்டு சொல்லிக்கொடுத்தது நம்ம மண்டைய விட்டு இறங்கவே மாட்டேங்குது. டெரிஜியத்துல எதிரி யாருப்பா? படையெடுத்து வந்த கிருமின்னு ஒண்ணும் இல்ல, கேன்சரும் இல்ல. (வெட்டின துண்ட பயாப்ஸிக்கு அனுப்பினா பயந்துடாத, எப்பவாவது வேற கட்டி இந்த வேஷத்துல வரும், அதுக்காகத்தான்.)

பெரும்பாலும் பல வருஷ வெயில்தான் ஆரம்பம். பக்கவாட்டுல இருந்து விழற புற ஊதாக் கதிர கருவிழியே குவிச்சு மூக்குப் பக்க ஓரத்துல கொண்டுபோய் சேர்க்குது, அதான் அங்க கிளம்புதுன்னு 1993ல கொரோனியோன்னு ஒரு டாக்டர் எழுதினார். அடிபட்ட செல்கள் ஐஎல்-6, ஐஎல்-8னு சேதி சொல்ற புரதங்கள அனுப்பிக் கூப்பிடுது, டி செல், மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல்னு நீ படிச்ச அந்த எதிர்ப்பு செல்கள் எல்லாம் ஓடிவருது. வந்து என்ன பண்ணுது? ரிப்பேர் தம்பி, ரிப்பேர்!

காலேஜ் லேப்ல டொலுயிடின் ப்ளூ சாயம் போட்ட ஸ்லைடுல முதல்முறை மாஸ்ட் செல் பாத்தேன். சுத்தி எல்லாம் நீலம், ரத்தக்குழாய் ஓரமா இது மட்டும் ஊதாவா, உள்ள பொடிப்பொடியா மணி நிறைஞ்சு உக்காந்திருந்துச்சு. நான் பாட்டுக்கு பாத்துட்டே இருக்க, பின்னாடி நின்னவ என்னைத் தள்ளி விட்டுட்டா. அந்த மணிக்குள்ளதான் ஹிஸ்டமின், ட்ரிப்டேஸ், கைமேஸ்னு ரசாயனங்கள் எல்லாம் இருக்கு. ஹிஸ்டமின் கொட்டினா அரிப்பு, சிவப்பு. ட்ரிப்டேஸ் நார் நெய்யற ஃபைப்ரோபிளாஸ்ட உசுப்பி விடும். கூடவே விஇஜிஎஃப்னு ஒரு புரதம் வேற புது ரத்தக்குழாய இழுத்துட்டு வரும். கையில காயம் பட்ட இடத்துல இதே வேலைய செஞ்சா நல்லா ஆறிடுச்சுன்னு சந்தோஷப்படுவோம், கண்ணுல தினம் வெயில் பட்டுட்டே இருக்கறதால, வீடு முடிஞ்சும் போகாம சுவர் மேல சுவர் எழுப்பற கொத்தனார் மாதிரி இதுங்க கட்டிட்டே இருக்கு. நீ என்னடான்னா இன்னும் ஆள் சேக்கணும்ங்கற! இந்த செல்கள்தான் ஆரம்பிச்சு வைக்குதா, கிளம்பினத வளர்த்து விடுதாங்கறது இன்னும் முடியாத விவாதம், என் கட்சி ரெண்டாவது.

ஆபரேஷனும் ஒரு காயம்தானே, சதைய மட்டும் வெட்டிட்டு வெள்ளை முழிய அப்படியே விட்டா அதே கூட்டம் மறுபடி வரும், திரும்ப வளர்றது ரொம்ப சகஜம். உன் வெள்ளை முழியோட மேல்பக்கத்துல இருந்தே அத மூடியிருக்கற சவ்வ மெல்லிசா எடுத்து அங்க ஒட்டினா வாய்ப்பு நல்லா குறையும். மிச்சத்த டாக்டர்கிட்ட கேளு.

ஆனா அந்த சொட்டு மருந்து. அறிவிருக்கா உனக்கு? ஸ்டீராய்டு கண்ணுக்குள்ள பிரஷர ஏத்திடலாம், வலிக்காது, ஒண்ணும் தெரியாது, கண் நரம்பு போனா போனதுதான். புரையும் சீக்கிரம் வரலாம். இந்த வாரமே பாட்டிலோட டாக்டர்கிட்ட போ, எவ்வளவு நாளா விடறேன்னு மறைக்காம சொல்லு. பிரஷர் எவ்வளவுன்னு எனக்கு எழுது.