ஊமைத்துரையைத் தூக்கியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

பாஞ்சாலங்குறிச்சிக் களத்தில் குற்றுயிராகக் கிடந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பெண்கள் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்ததாக எங்கள் ஆச்சி சொல்வாள். இது நடந்ததா, கட்டுக்கதையா? காயம்பட்டவர்களைத் தூக்க அந்தக் காலத்தில் தனி ஆட்கள் கிடையாதா?

– ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம்

அன்புள்ள தம்பி,

ஆச்சி சொல்வதை நான் நம்புகிறேன். எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியே தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கம்பெனிப் படையோடு டோலி தூக்கிகள் வருவார்கள். கூலி ஆட்கள். அடிபட்டவர்களைக் கூடாரத்துக்குச் சுமந்துபோவது அவர்கள் வேலை. இந்தப் பெண்களை யாரும் கூலி பேசிக் கூட்டி வரவில்லை.

1801 மே 24, கோட்டை விழுந்தது. ஒரு தாய் ஊர்ப் பெண்களோடு வந்து பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடுகிறாள். அவனுக்கு மூச்சு இருக்கிறது. தூக்கப் போனால், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவரைத் தூக்கிப் போகிறார்கள். அப்புறம் கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவரைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்து, அம்மையில் செத்த பையன் என்கிறார்கள். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

எல்லாரும் இந்த அம்மைத் தந்திரத்தைத்தான் வியந்து சொல்கிறோம். என் மனசு அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. எங்கள் ஊருக்கு வண்டி வராத காலத்தில் நோயாளியை நார்க்கட்டிலில் வைத்துத் தூக்கியிருக்கிறேன். தலைப்பக்கம் பிடிப்பவனுக்குத் தோள் கழன்றுவிடும். நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கியும் ரோட்டுக்கு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. நினைவில்லாத உடம்பு அவ்வளவு கனம். மே மாதக் கரிசலில், உயிரோடிருக்கும் மகனைக் கீழே விட்டுவிட்டு இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் எப்படி நடந்தாள்?

பிழைத்த ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி சண்டையில் இறங்கினார். அதே வருஷம் நவம்பர் 16-ல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார், அதே பாஞ்சாலங்குறிச்சியில். ஆறு மாத ஆயுளுக்கா அந்தப் பாடு என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்கும்போது ஆயுளையா கணக்குப் பார்ப்பார்கள்?

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. சரி, உங்கள் ஆச்சி சொல்கிற கதையில் அவளுக்கு ஒரு பெயர் உண்டா? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி